பலகையில் பேய்கள்: ஒரு திறனாய்வு

நூல் ஒன்றை முழுமையாகப் படிக்காமல் மதிப்புரை எழுதுபவரைத் திறனாய்வாளர் என்று நாம் ஒப்புவதில்லை. முன்னுரையையும் முதல் இயலையும் மட்டும் புரட்டிவிட்டுத் தீர்ப்பு வழங்கியவர் இன்னார் என்பதை, அவர் எழுதிய மூன்றாம் வரியிலேயே கண்டுகொள்ளும் பழக்கம் நம் வாசகர்க்கு உண்டு. ஆனால் ஒரு பலகை ஆட்டத்தை ஒரே மாலை ஆடிப் பார்த்து, அதிலும் பாதியில் எழுந்து போய், 'இது தேறாது' என்று சொல்பவரிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. 'ஆட்டந்தானே' என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

ஆட்டத்திற்கும் ஆசிரியர் உண்டு. அவர் பலகையை வரைந்து, விதிகளை அமைத்து, பல்லோரை ஆடவைத்துப் பார்த்து, அடித்துத் திருத்தி எழுதுகிறார். 1988ஆம் ஆண்டு செர்மனியின் நியூரம்பர்க் நகரில் நடந்த விளையாட்டுப் பொருட் சந்தையில் ஆட்ட ஆசிரியர்கள் 13 பேர் ஒன்றுகூடினர். பீர்க் கோப்பையின் அடியில் வைக்கும் வட்ட அட்டை ஒன்றின் மீது, பெட்டியின் மேற்புறத்தில் தம் பெயரைப் பொறிக்காத நிறுவனத்திற்கு இனி ஆட்டம் தருவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டனர். எழுத்தாளர் சங்கத்தின் தொகுப்பு நூலில் இச்செய்தியை நினைவூட்டுவது பொருந்தும் என்று கருதுகிறேன். தம் படைப்புக்குத் தம் பெயர் வேண்டும் என்று கேட்டவர்களை எழுத்தாளர் மதிக்காமல் வேறு யார் மதிப்பார்?

பள்ளி விளையாட்டுக் கழகங்களில் இன்று புதிய ஆட்டப் பெட்டிகள் வந்து சேர்கின்றன. தாயமும் பல்லாங்குழியும் சதுரங்கமும் மலாய்ச் சொல்லாட்டமான சாஹிபாவும் இருந்த அலமாரியில் பாழடைந்த மாளிகையும் வெள்ளைப் போர்வை உருவங்களும் மண்டையோடும் வரைந்த பெட்டிகள் ஏறிவிட்டன. இவற்றை எப்படித் தேர்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். (பேயாட்டம் என்னும் சொல்லுக்குத் தமிழில் வேறு பொருள் உண்டாதலின், இவ்வகையை 'அச்ச ஆட்டம்' என்றே குறிப்பேன்.)

முதல் ஆட்டமும் மூன்றாம் ஆட்டமும்

உலகெங்கும் பரவிய மொனோப்போலி ஆட்டத்தை 1934இல் அமெரிக்காவின் பார்க்கர் சகோதரர் நிறுவனம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. மறு ஆண்டே, 1935இல், அதே நிறுவனம் அதனை வாங்கி வெளியிட்டது. இடையில் ஆட்டம் மாறிவிடவில்லை. கடைகளில் மக்கள் அதனை வாங்கி ஆடுவதைக் கண்ட பிறகு நிறுவனத்தின் கண் திறந்தது. தொழிலாகவே ஆட்டங்களை எடை போடுவோர்க்கே இந்நிலை என்றால், மதிய உணவு இடைவேளையில் எடை போடும் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

முதல் முறை ஆடுகையில் நாம் ஆட்டத்தின் இலக்கணத்தையே கற்கிறோம். எந்தக் காய் எங்கே செல்லும், எந்த அட்டை எப்போது திரும்பும் என்பதிலேயே மனம் சென்றுவிடுகிறது. இரண்டாம் முறையில்தான் எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று பார்க்கத் தொடங்குகிறோம். ஆசிரியர் எதற்காக அந்த விதியை வைத்தார் என்பது மூன்றாம் முறையில் விளங்குகிறது. அதன்பின் சொல்லும் சொல்லே மதிப்பீடு எனத்தகும்.

அச்ச ஆட்டங்களில் இவ்வுண்மை இன்னும் கூர்மையாக வெளிப்படும். பிரெஞ்சுக்காரரான அந்துவான் பௌசா 2008இல் படைத்த 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' என்னும் ஆட்டத்தில், தாவோ துறவிகளாக நின்று ஒரு சிற்றூரைப் பேய்களிடமிருந்து காக்க வேண்டும். ஆடுவோர் அனைவரும் ஓரணி. முதல் முறை ஆடுவோர் பெரும்பாலும் தோற்பர். தோற்றவர் 'ஆட்டம் சரியில்லை' என்று பெட்டியை மூடுவது இயல்பு. அந்தத் தோல்வி ஆசிரியர் அறிந்தே வைத்தது. ஊரின் எந்த மூலையை விட்டுக்கொடுக்கலாம், எதனை விடவே கூடாது என்பதைத் தோற்றுத்தான் அறிய முடியும்.

புரூசு கிளாசுகோ படைத்து 2004இல் வெளிவந்த 'பிட்ரேயல் அட் ஹவுஸ் ஆன் த ஹில்' வேறொரு சிக்கலைத் தருகிறது. குன்றின்மேல் உள்ள வீட்டின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து செல்கையில், நடுவழியில் ஒரு கதை வெடிக்கிறது. பெரும்பாலான கதைகளில் கூட வந்தவருள் ஒருவர் பகைவராகிறார். இத்தகைய கதைகள் 50 அதில் உள்ளன. ஒரு கதையை ஆடிவிட்டுப் புகழ்வதும் பழிப்பதும், சிறுகதைத் தொகுதி ஒன்றில் ஒரு கதையைப் படித்துவிட்டு மதிப்புரை எழுதுவதற்கு ஒப்பாகும். நான் அறிந்த அளவில் அதன் கதைகள் ஒரு தரத்தன அல்ல. சில மயிர்க்கூச்செறிய வைக்கின்றன, சில தொடங்கிய இரண்டாம் சுற்றிலேயே முடிந்து சப்பென்று ஆகிவிடுகின்றன. வீட்டைத் திறக்கும் முதற்பாதியில் ஆடுவோர்க்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிகக் குறைவு என்பதே அதன் உண்மையான குறை. இக்குறை பல முறை ஆடியும் நீங்குவதில்லை. எனவே, நடுநிலையோடு ஆடிப் பார்த்தபின் இதனைத் துணிந்து சொல்லலாம்.

நடுநிலை என்பதற்கு முன்னேற்பாடும் வேண்டும். எட்டு மாணவர் சூழ்ந்திருக்க, விதிப் புத்தகத்தை முதன்முறையாகப் பிரித்து வாசிக்கும் ஆசிரியர் அந்த ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே கொன்றுவிடுகிறார். முந்திய நாள் தனியே அமர்ந்து, இரு பக்கத்துக் காய்களையும் தாமே நகர்த்திப் பார்த்துக்கொண்டு வருபவரே அதற்கு வாய்ப்பளிப்பவர். ஆடுவோர் எண்ணிக்கையும் கருதத்தக்கது. இருவர் முதல் எழுவர் வரை ஆடலாம் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், எல்லா எண்ணிக்கையிலும் ஆட்டம் ஒன்றுபோல் சுவைக்கும் என்று பொருளாகாது. விதிகளை நம் விருப்பம் போல் மாற்றுவதும் முதல் மூன்று ஆட்டங்களில் கூடாது. மூலத்தைத் திருத்திவிட்டு மூலத்திற்கு மதிப்புரை எழுதுவது எவ்வகை நேர்மை?

மூன்று முறை ஆடியும் தேறாத ஆட்டங்களும் உண்டு. அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிடத் தயங்க வேண்டியதில்லை.

அச்சத்தின் நிலைக்களன்

அச்சம் தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கும் அச்சம் பிறக்கும் இடங்கள் என்று மெய்ப்பாட்டியல் கூறுகிறது. பேயும் தெய்வமும் முதலாவதில் அடங்கும். கொடிய விலங்கு இரண்டாவது. மறைந்து தீங்கு செய்வோர் மூன்றாவது. நம்மை ஆள்வோரும் ஆசிரியரும் பெற்றோரும் நான்காவது என்று உரைவழியே கொள்ளலாம். (தலைமையாசிரியன் நான்காம் வகையைச் சேர்ந்தவன் என்பதை என் மாணவர்கள் மறுக்கமாட்டார்கள்.)

இப்பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அச்ச ஆட்டங்களை நோக்கினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெட்டியின்மேல் அணங்கு இருக்கும். உள்ளே ஆட்டத்தில் பிறக்கும் அச்சமோ வேறு நிலைக்களனிலிருந்து வரும். எது எங்கிருந்து வருகிறது என்று காண்பதே திறனாய்வாளரின் வேலை.

நம் முன்னோர் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடிய பரமபதத்தை எண்ணிப் பாருங்கள். பாம்புகள் பலகை முழுதும் உள்ளன. ஆயினும் கீழ்க்கட்டங்களில் உள்ள பாம்புக்கு எவரும் அஞ்சுவதில்லை. உச்சியை நெருங்கியபின், அடுத்து விழும் எண்ணால் அடிமட்டத்திற்கு இறக்கிவிடும் நீண்ட பாம்பைக் கண்டே நெஞ்சு படபடக்கிறது. வரைந்த பாம்பு எல்லாம் ஒன்றே. இழப்பதற்கு நம்மிடம் ஏதேனும் சேர்ந்த பிறகுதான் அது கடிக்கிறது. பரமபதத்தில் நம் அறிவுக்கு வேலையில்லை, எல்லாம் பகடையின் செயல். என்றாலும் அச்சத்தைப் படத்தில் வைக்காமல் இடத்தில் வைத்த அந்த நுட்பம் இன்றைய பெட்டிகள் பலவற்றில் இல்லை.

அந்த நுட்பத்தைக் கைவரப் பெற்றவர்களுள் அலெக்ஸ் ராண்டால்ஃப் ஒருவர். 1922இல் பிறந்து 2004இல் மறைந்த இவ்வமெரிக்கர் சப்பானிலும் வெனிசு நகரிலும் வாழ்ந்தவர். 1982இல் வெளிவந்த இவரது 'கைஸ்டர்' என்னும் ஆட்டத்தின் பெயருக்குச் செர்மன் மொழியில் 'ஆவிகள்' என்று பொருள். பலகையில் ஆறுக்கு ஆறாக 36 கட்டங்கள். ஒவ்வொருவர்க்கும் எட்டு ஆவிகள். அவற்றுள் நான்கு நல்லவை, நான்கு தீயவை. எது எந்த வகை என்பதைக் காட்டும் புள்ளி ஆவியின் முதுகில் இருப்பதால் உடையவருக்கே தெரியும். ஒரு முறைக்கு ஒரு காய் ஒரு கட்டம் நகரும். எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நுழைந்து அதனைப் பிடிக்கலாம். பகடை கிடையாது. எதிரியின் நல்ல ஆவிகள் நான்கையும் பிடித்தவர் வெல்வார். தம் நல்ல ஆவி ஒன்றை எதிரியின் மூலை வழியே வெளியேற்றியவரும் வெல்வார். மூன்றாவது வழிதான் ஆட்டத்தின் உயிர்: தம் தீய ஆவிகள் நான்கையும் எதிரி பிடித்துவிட்டாலும் வெற்றி தமதே.

இதனால் நேர்வது யாதெனில், பிடிக்கும் ஒவ்வொரு காயும் நஞ்சாக இருக்கலாம் என்னும் ஐயம் எழுகிறது. எதிரியின் ஆவி ஒன்று துணிந்து என் காய்க்கு அருகில் வந்து நிற்கிறது. அது தீயதாயின் என்னைப் பிடிக்கச் சொல்லி அழைக்கிறது. நல்லதாயின் என் மூலையை நோக்கி விரைகிறது. விட்டால் வெளியேறும், பிடித்தால் என் தோல்விக்கு நானே ஓரடி வைத்தவனாவேன். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன். அவரும் என் முகத்தைப் பார்க்கிறார். காய்களோ பார்ப்பதற்குப் பச்சைப் பிள்ளையும் சிரிக்கும் வெள்ளை உருவங்கள்! உருவத்தில் இல்லாத அச்சம் ஆட்டத்தில் வந்துவிடுகிறது. தொல்காப்பியர் வகுப்பின்படி இது அணங்கால் வந்த அச்சமன்று, கள்வரால் வந்தது. மறைத்து வைத்திருப்பவர் எதிரே அமர்ந்திருக்கிறார்.

மாணவர் இதனை ஆடுவதைக் கவனித்தால் முன்பு கூறிய மூன்று முறைக் கணக்கு விளங்கும். முதல் முறை, எதிர்ப்பட்ட காயையெல்லாம் வெட்டித் தள்ளி, வென்றோம் என்று எழும்போது தோற்றிருப்பார்கள். 'இது ஏமாற்று விளையாட்டு' என்பார்கள். இரண்டாம் முறை எதையும் தொட அஞ்சுவார்கள். மூன்றாம் முறை, பக்கத்தில் வந்து நிற்கும் ஆவியைத் தொடாமல் விட்டுவிட்டு வேறு காயை நகர்த்துவார்கள். நகர்த்திவிட்டு முகத்தில் எதையும் காட்டாமல் காத்திருப்பார்கள். முதல் நாளே பெட்டியை மூடியிருந்தால் ராண்டால்ஃபைக் குறைகூறியிருப்போம்.

சிறு பிள்ளைகளுக்கு மிசேல் சானென் படைத்த 'கைஸ்டர்ட்ரெப்பே', அதாவது 'பேய்ப் படிக்கட்டு', ஏற்றது. 2004இல் செர்மனியில் ஆண்டின் சிறந்த சிறுவர் ஆட்டம் என்னும் பரிசைப் பெற்றது. படியேறும் காய்களின் மேல் காந்தம் பொருத்திய வெள்ளை ஆவிகள் வந்து கவிந்துகொள்கின்றன. காய் ஆவியோடு ஒட்டிக்கொண்டு, அதற்குள் மறைந்தபடியே நகர்கிறது. எந்த ஆவிக்குள் தன் காய் உள்ளது என்பதை அதன் பின்னர் நினைவால்தான் அறிய வேண்டும். ஆவிகள் இடம் மாறும்போது ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் தோன்றும் கலக்கத்தைப் பாருங்கள். பேய் கடிக்கும் என்று அது அஞ்சவில்லை. தன்னைத் தானே தொலைத்துவிடுமோ என்று அஞ்சுகிறது. பெரியோர் இவ்வாட்டத்தில் பிள்ளைகளிடம் தோற்பது மிக எளிது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

2014இல் அதே பரிசைப் பெற்றது பிரையன் யூ படைத்த 'கோஸ்ட் ஃபைட்டிங் ட்ரெஷர் ஹன்டர்ஸ்'. பேய் வீட்டிலிருந்து எட்டு மணிகளை வெளியே கொண்டுவர வேண்டும். அறையில் மூன்று பேய்கள் சேர்ந்தால் அவை பெரும்பேயாக மாறும். ஆறு பெரும்பேய்கள் தோன்றிவிட்டால் எல்லாரும் தோற்றவராவர். சிறு பேயை ஒருவர் தனித்து விரட்டலாம், பெரும்பேயை விரட்ட அவ்வறையில் இருவர் வேண்டும். இந்த ஒரு விதியால், முன்னால் ஓடிவிட்ட மாணவன் தானே திரும்பி வருகிறான். நன்னெறிப் பாடத்தில் எத்தனை வகுப்பு எடுத்தாலும் இவ்வளவு விரைவில் இது நிகழ்வதில்லை.

அழும் பேய்

ஒலெக்சாண்டர் நெவ்ஸ்கியும் ஒலெக் சிடொரென்கோவும் படைத்து, பிரெஞ்சு நிறுவனம் ஒன்று 2015இல் வெளியிட்ட 'மிஸ்டீரியம்' பெரிதும் புகழப்பட்டது. அதில் ஒருவர் கொலையுண்டவரின் ஆவியாக அமர்கிறார். ஏனையோர் ஆவியுலகோடு பேசும் ஆற்றல் உடையவர்கள். ஆவிக்குப் பேச உரிமை இல்லை. கனவு போன்ற ஓவியங்கள் தீட்டிய அட்டைகளை மட்டும் ஒவ்வொருவர்க்கும் அனுப்பி, கொன்றவர், இடம், கருவி ஆகியவற்றை உணர்த்த வேண்டும். ஏழு மணி நேரத்தைக் குறிக்கும் ஏழு சுற்றுகளுக்குள் அது முடிய வேண்டும்.

இதனை அச்ச ஆட்டம் என்று வாங்கியவர்கள் 'பயமே இல்லையே' என்று குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆவியாக அமர்ந்து ஆடாதவர்கள் சொல்லும் குறை அது. சிவப்புக் கம்பளத்தைக் காட்ட நினைத்து அட்டையை அனுப்பினால், அவர்கள் அதன் மூலையிலுள்ள பறவையைப் பற்றி வாதிடுகிறார்கள். உண்மைக்கு ஓரங்குலம் அருகில் வந்து விலகிப் போகிறார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும், சொல்லக் கூடாது. இங்கே அஞ்சுபவர் பேயே. தன்னை யாரும் புரிந்துகொள்ளாமல் பொழுது விடிந்துவிடுமே என்பதே அதன் அச்சம். அச்சம் என்ற மெய்ப்பாட்டைத் தாண்டி அழுகையின் எல்லைக்கு இவ்வாட்டம் சென்றுவிடுகிறது.

நம் மண்ணின் பேய்க்கதைகளை அறிந்தவர்க்கு இது புதிதன்று. மலாய் நாட்டார் வழக்கின் பொந்தியானாக் பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்ணின் ஆவி. தோட்டப்புற லயங்களில், விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வழியில் நிற்பதாகப் பெரியவர்கள் சொன்ன உருவங்களுக்கும் பெரும்பாலும் ஒரு துன்பக்கதை இருந்தது. பேசவொண்ணாது போனவர்களே பேயானார்கள். மிஸ்டீரியத்தின் ஆசிரியர்கள் நம் கதைகளை அறிந்திருக்க வாய்ப்பில்லை; ஆயினும் அதே உணர்வை விதியாக வடித்துவிட்டார்கள்.

விலக்க வேண்டியவை

ஊய்ஜா பலகையை ஆட்டமென்று கொள்வதற்கில்லை. 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, 1966இல் பார்க்கர் சகோதரர் கைக்கு வந்து, ஏனைய ஆட்டங்களோடு ஒரே தட்டில் விற்கப்பட்டது உண்மையே. நம் நாட்டு மாணவர் விடுதிகளில் நாணயத்தை வைத்து ஆடும் 'ஸ்பிரிட் ஆஃப் தி காயின்' அதன் தம்பி. அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, முடிவைக் கூறும் விதியும் இல்லை. விரல்கள் தம்மை அறியாமலேயே அசைக்க வல்லவை என்பதை மைக்கேல் ஃபாரடே 1853இலேயே மேசை நகர்த்தும் கூட்டங்களை ஆராய்ந்து காட்டிவிட்டார். நம் நாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் மாணவியர் கூட்டமாக அலறி மயங்கிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அந்நிலையில் ஒரு தலைமையாசிரியன் இதனைத் தடுப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்த ஒன்றைக் காட்டி, பேய்ப்படம் உள்ள பெட்டி அனைத்தையும் விலக்கச் சொல்லும் பெற்றோரிடம் நான் உடன்படுவதில்லை. கைஸ்டரில் ஆட்டம் முடிந்ததும் ஆவிகள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. ஆடியவர்களுக்கு அவை காய்கள் என்பது தொடக்கம் முதலே தெரியும்.

2011இல் வந்த 'லெட்டர்ஸ் ஃப்ரம் வைட்சாப்பல்' இன்னும் கடினமான வழக்கு. ஒருவர் மறைந்து செல்ல, மற்றவர் தெருத்தெருவாகத் தேடும் அமைப்பில் அதற்கு நிகரானவை சிலவே. மறைந்து செல்பவர் யார் என்பதில்தான் இடர்ப்பாடு. 1888இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்களைக் கொன்றவன் அவன். அப்பெண்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள். அவர்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. பலகையில் அவர்கள் மரக் காய்கள். கலைத்திறனை நான் மறுக்கவில்லை, மூன்று முறைக்கு மேலும் ஆடலாம் என்பதையும் மறுக்கவில்லை. மாணவர் முன் இதனை வைக்கமாட்டேன். பெரியோர் ஆடுவதும் எனக்கு உவப்பாக இல்லை. அதே தேடல் சுவையை, பிணம் எதுவும் விழாமல், 1983இல் வெளிவந்த 'ஸ்காட்லாந்து யார்டு' தருகிறதே.

இறுதியாக மொழி பற்றி ஒன்று. இவ்வாட்டங்களின் விதிப் புத்தகங்கள் ஆங்கிலத்திலோ செர்மனியிலோ உள்ளன. கைஸ்டர் பலகையில் ஓர் எழுத்தும் இல்லை. மிஸ்டீரியத்தின் கனவு அட்டைகளிலும் சொற்கள் இல்லை. விதியை நல்ல தமிழில் சொல்லித் தந்துவிட்டால் ஆட்டம் முழுதும் தமிழில் நடக்கும். 'இந்தப் பறவை கூண்டைக் குறிக்கிறதா, பயணத்தைக் குறிக்கிறதா' என்று ஆறாம் ஆண்டு மாணவர் அரை மணி நேரம் தமிழிலேயே வாதிடும் காட்சியைக் கட்டுரைப் பயிற்சியில் காண்பது அரிது. விதியைப் பாதி ஆங்கிலத்தில் சொல்லும் ஆசிரியருக்கு ஆட்டமும் பாதி ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. இந்நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயன்படும் இவ்வேலையை, சங்கத்து உறுப்பினர் ஆளுக்கோர் ஆட்டமாக எடுத்துக்கொண்டு செய்யலாம். பத்துப் பக்க விதிநூலைப் பிறழாமல் தமிழாக்குவது பத்துக் கவிதை எழுதுவதினும் கடினம் என்று எச்சரிக்கவும் வேண்டும். மிஸ்டீரியத்தில் ஆவியோடு பேசுவோருக்கு என்ன பெயரிடுவது என்று நான் பல நாள் தேடினேன். 'ஆவி ஊடகர்' என்று எழுதிக் காட்டியபோது மாணவர் விழித்தனர். 'சாமியாடி' என்றால் வேறு நினைவுகள் வந்துவிடும். கடைசியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'குறிசொல்லி' என்றாள். அச்சொல்லையே விதித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.